ஏகாம்பரம் பெயரில் வந்த துணுக்கு

1

முதலில் என் முட்டாள்தனத்தை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதிக் கட்டுரையில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அவமானமாக இருக்கும்.

இருபது வருடமாக நான் என்னை ஒரு நகைச்சுவை எழுத்தாளன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். 'எகத்தாளம்' வார இதழில் என் பெயரில் வந்த துணுக்குகளை எல்லாம் வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஷார்ஜாவுக்கு வேலைக்கு வந்தபோது அந்த நோட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். பெரிய பெட்டியில் போட்டால் தொலைந்துவிடுமே என்ற பயம். எங்கள் நிக்காஹ் படங்கள் பெரிய பெட்டியில்தான் இருந்தன. என் மனைவி இதை இன்னும் மறக்கவில்லை.

அந்தத் துணுக்குகளில் முக்கால்வாசி என்னுடையவை அல்ல என்பதுதான் இதில் வேடிக்கை. அவற்றைச் சொன்னவன் ஏகாம்பரம். மரக்காணத்தை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்துக்காரன். குப்பத்தின் பெயர் வேண்டாம், அவர்கள் பட்டது போதும்.

போன வாரம் எகத்தாளம் நின்றுவிட்டது. சந்தா பாக்கியை வேறு பத்திரிகைக்கு மாற்றித் தருவதாகக் கடைசி இதழில் போட்டிருந்தார்களாம். வெள்ளிக்கிழமை இரண்டு பேர் எனக்குப் போன் செய்து துக்கம் விசாரித்தார்கள். ஒருவர் "ஜமால் பாய், நீங்க எகத்தாளத்துல எழுதினவராச்சே, நெனவுகள எழுதுங்க" என்றார். சரி என்றேன். போனை வைத்துவிட்டு வருத்தம் வருகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன். வரவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் குடித்தேன்.

2

நான் கூனிமேடு. பள்ளியை முடித்ததும் மரக்காணம் உப்பளத்தில் லாரிக்கு டோக்கன் எழுதும் வேலை. வெயில் ஏறினால் பாத்தியைப் பார்க்க முடியாது, கண் கூசும். பத்து மணிக்கெல்லாம் எழுத்துகள் பச்சையாகத் தெரியும். அந்தக் கண்ணோடுதான் நான் இலக்கியம் படித்தேன்.

வியாழக்கிழமை பாண்டிச்சேரி பஸ்ஸில் எகத்தாளம் வரும். அட்டையில் ஒரு ஓணான், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு தலையாட்டும். ஆட்சியில் யார் இருந்தாலும் அதே ஓணான்தான், தோளில் துண்டின் நிறம் மட்டும் மாறும். எனக்கு அது பிடித்திருந்தது. மந்திரிக்குப் பயப்படாத ஒரு பிராணி தமிழ்நாட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததே அந்த அட்டையைப் பார்த்துத்தான்.

கடலில் மீன்பாடு இல்லாத வாரங்களில் ஏகாம்பரம் உப்பு மூட்டை ஏற்ற வருவான். மதியம், கீற்று போட்டு மூடிய உப்புக் குவியலின் நிழலில் உட்காருவோம். நான் எகத்தாளத்தைச் சத்தமாகப் படிப்பேன். அவன் எழுத்துக்கூட்டிப் படிப்பவன், அதனால் காதால் கேட்பான். கேட்டுவிட்டு முகத்தைச் சுளிப்பான்.

"இதுல சிரிக்க இன்னாடா இருக்குது?"

"மாமியார் கெணத்துல விழுந்துட்டாங்கடா."

"அத்த கேட்டுட்டு சிரிக்கச் சொல்றியா? எங்க மாமியா விழுந்தா கெணறுதான்டா கத்தும். இப்ப சிரி."

நான் சிரிப்பேன். சாயங்காலம் அதையே தபால் அட்டையில் எழுதி, கீழே 'கூனிமேடு ஜமால்' என்று போட்டு அனுப்புவேன். மூன்று வாரம் கழித்து அச்சில் வரும். அவனிடம் காட்டுவேன்.

"யாரு பேரு போட்டுக்குது?"

"என் பேரு."

"சரி. ஒரு டீ சொல்லு."

இருபது வருடத்தில் அவன் கேட்டது அந்த டீ மட்டும்தான். அதையும் சில வாரம் நான் மறந்திருக்கிறேன்.

3

இங்கே என் வேலை ஒரு டைப்பிங் சென்டரில். விசா, லேபர் கார்டு, குழந்தை பிறந்த பதிவு, பிணத்தை ஊருக்கு அனுப்பும் அனுமதி என்று மனிதனுக்கு நேரக்கூடிய எல்லாவற்றுக்கும் படிவம் உண்டு. கட்டங்களை நான் நிரப்புவேன். அரபியில் எனக்கு எழுத்து தெரியும், அர்த்தம் பாதிதான் தெரியும். ஒருமுறை ஆப்கன் பக்கத்துப் பட்டாணியர் ஒருவரின் தொழில் என்ற கட்டத்தில் பக்கத்து விண்ணப்பத்தைப் பார்த்து 'மருத்துவச்சி' என்று அடித்துவிட்டேன். தாடியோடு ஆறடி மனிதர். கவுண்டரில் இருந்த அதிகாரி அவரையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாராம். எகத்தாளத்துக்கு ஏற்ற சரக்கு. நான் அனுப்பவில்லை. அப்போதே அனுப்புவதை நிறுத்தியிருந்தேன்.

என் மகள் நிலோஃபர் இங்கே ஏழாவது படிக்கிறாள். என்னை 'டாடி' என்பாள். 'அத்தா' என்று கூப்பிடச் சொன்னால், பள்ளியில் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்கிறாள். சிரிக்க வைப்பதுதானே நம் குடும்பத் தொழில் என்றேன். அவள் சிரிக்கவில்லை. தமிழ் படிக்க வராது. ஒருநாள் துணுக்கு நோட்டை எடுத்து ஒன்றைப் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டாள், படத்தையும் பார்த்தாள்.

"அந்த லேடிய ஏன் எல்லாரும் அடிக்கிறாங்க?"

"அந்த அம்மாதான் அடிக்கிறாங்க. கையில பூரிக்கட்டை இருக்கு பாரு."

"ஏன் அடிக்கிறாங்க?"

"அதான் ஜோக்கு."

"ஓகே டாடி" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் போனாள்.

4

அவள் கேட்டது சரி. இதழைப் பற்றி நல்லது மட்டும் எழுதினால் ஓணானே என்னை நம்பாது.

எகத்தாளத்தில் எல்லா மனைவிக்கும் ஒரே உடம்பு. எல்லோர் கையிலும் பூரிக்கட்டை. எங்கள் கடற்கரையில் பூரிக்கட்டை உள்ள வீட்டை நான் பார்த்ததில்லை. முஸ்லிம் வந்தால் படத்தில் குல்லாவும் லுங்கியும் வந்துவிடும், வாயில் 'நம்பிள்கி' 'நிம்பிள்கி' என்று ஒரு பாஷையும் வரும். கூனிமேட்டில் அந்த பாஷை பேசினால் நாயே திரும்பிப் பார்க்காது. துபாய்க்காரன் என்றால் கூலிங்கிளாஸ், சென்ட், தோளில் டேப் ரிக்கார்டர். மீனவன் என்றால் சாராய பாட்டில். திக்குவாய், சொட்டைத் தலை, கறுப்பு நிறம் எல்லாவற்றுக்கும் வாரம் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள்.

இதையெல்லாம் இப்போது சொல்கிற நான் அப்போது என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். துபாய்க்காரன் துணுக்குகளில் ஒன்பது நான் எழுதியவை. அவற்றில் சில என்னைப் பற்றியே. கூலிங்கிளாஸை மட்டும் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டேன், மற்றபடி படம் சரியாக இருந்தது.

ஆனால் மந்திரியைக் கிண்டல் செய்ததற்காக எகத்தாளம் ஆசிரியர் கோர்ட்டுக்குப் போய் நின்றார் என்று படித்த வாரம், உப்பளத்தில் நானும் ஏகாம்பரமும் எங்கள் சொந்தக்காரரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன மாதிரி உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு அவன் ஜோக் சொல்லவில்லை. "வுட்டுடுவாங்களாடா?" என்று இரண்டு தடவை கேட்டான். விட்டுவிட்டார்கள்.

5

2004 ஜூனில் ஒரு மாத லீவில் ஊருக்குப் போயிருந்தேன். ஏகாம்பரம் வீட்டில் காலைச் சாப்பாடு. அவன் மனைவி அஞ்சலை மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, பாயில் படுத்திருந்தவனைக் காலால் தட்டினாள்.

"எல்லாரும் கடலுக்குப் போயாச்சு. நீ இன்னும் தூங்கினு இருக்கிற."

"கடலுக்கு இன்னா அவசரம்? வேணும்னா அதுவே வூட்டுக்கு வரட்டும்."

"வரட்டும். வந்தா நான் பேசி அனுப்பிக்கிறேன். நீ தூங்கு."

எனக்குப் புரையேறி, குழம்பு மூக்கு வழியாக வந்தது. அஞ்சலை தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். ஏகாம்பரம் படுத்தபடியே, "பாத்தியா, இவகிட்ட பேசி ஜெயிக்க முடியாது" என்றான். குரலில் பெருமை.

ஷார்ஜாவுக்குத் திரும்பிய பிறகு, நவம்பர் கடைசியில், எனக்கு ஒரு நல்ல புத்தி வந்தது. எனக்கு நல்ல புத்தி வந்தால் யாருக்காவது கஷ்டம் என்று இப்போது தெரிகிறது. இருபது வருடம் அவன் சரக்கை என் பெயரில் விற்றோமே, ஒரு தடவையாவது அவன் பெயரில் வரட்டும் என்று நினைத்தேன். அந்தப் பேச்சை அப்படியே எழுதி, கீழே 'எ. ஏகாம்பரம், மரக்காணம்' என்று போட்டு, குப்பத்து முகவரியையும் கொடுத்தேன். துணுக்கு வந்தால், எழுதியவருக்கு ஒரு பிரதியை எகத்தாளம் தபாலில் அனுப்பும். பழுப்பு உறை, மேலே பெயர் டைப் அடித்திருக்கும். தபால்காரர் அதைக் குப்பத்துக்குள் கொண்டுபோய் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை நினைத்து நான் பல நாள் தனியாகச் சிரித்தேன். அவனிடம் சொல்லவில்லை. ஆச்சரியப்படட்டும் என்று இருந்தேன்.

6

அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை இங்கே வேலை நாள். சென்டரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு படிவத்தில் தகப்பனார் பெயர் அடித்துக்கொண்டிருந்தேன். டிவியில் தண்ணீர் ஒரு தெருவில் வந்தது. அந்தப் படிவத்தை அடித்து முடித்தேன், அடுத்ததையும் அடித்தேன். மதியம் வரை அடித்தேன். ஒன்றில்கூடத் தப்பு இல்லை.

கூனிமேட்டில் எங்கள் வீடு ரோட்டுக்கு மேற்கே. ஒன்றும் ஆகவில்லை. என் தம்பி அன்வர் மறுநாள்தான் போனில் கிடைத்தான்.

"ஏகாம்பரம்?"

"அவரு கடலுக்குப் போயிருந்தாராம், அண்ணே. ஆழத்துல ஒண்ணும் தெரியலியாம். போட்டு ஒருவாட்டி ஏறி எறங்கிச்சாம், அவ்ளோதான். சாயங்காலம் கரைக்கு வந்தா கரையே இல்ல."

"அஞ்சலை?"

"அவங்க வூட்ல இருந்தாங்கண்ணே."

அவர்கள் மகள் செல்வி மரக்காணத்தில் டியூஷனில் இருந்ததால் தப்பித்தாள்.

மூன்றாவது வாரம் அன்வர் மறுபடி பேசினான். குப்பத்து ஜனங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். எங்கள் ஜமாத்தில் சமைத்த சோற்றைத் தினமும் அவன்தான் வண்டியில் கொண்டுபோனான். அந்த நாட்களில் குப்பத்துக்கு வரும் தபால் எதுவாக இருந்தாலும், யார் பெயருக்கு வந்தாலும், ஊர்ப் பஞ்சாயத்தார் வாங்கிப் பிரித்து எல்லோர் முன்னாலும் படிப்பார்கள். நிவாரண அறிவிப்பு ஒருவரோடு நின்றுவிடக்கூடாது என்று அவர்களே வைத்த முறை. அது நல்ல முறைதான். அப்படித்தான் ஒரு பழுப்பு உறை வந்தது, மேலே ஏகாம்பரம் பெயர் டைப் அடித்து. அரசாங்கக் கடிதம் என்று கூட்டம் கூடிவிட்டது. பத்தாவது படித்த பையன் ஒருவன் எழுந்து, தாசில்தார் உத்தரவைப் படிக்கும் அதே குரலில், மடித்துக் குறியிட்டிருந்த பக்கத்தைப் படித்தானாம். மனைவி, இரண்டு புள்ளி. கணவன், இரண்டு புள்ளி.

"படிச்சி முடிக்கிற வரைக்கும் அவனுக்கே இன்னா படிக்கிறோம்னு தெரியலண்ணே. ஒரு சின்னப் புள்ள மட்டும் படத்தப் பாத்துட்டுச் சிரிச்சிது."

"இன்னா படம்?"

"குண்டா ஒரு பொம்பள, கையில பூரிக்கட்டை. வாசல்ல அலை நிக்குது. அலைக்குக் கண்ணு, மூக்கு, பல்லு எல்லாம் வச்சிருக்கான்."

"ஏகாம்பரம் இன்னா சொன்னான்?"

"'நீ எழுதினதாடா'ன்னு கேட்டாங்க. 'எழுதல, பேசினது'ன்னாரு. அவ்ளோதான். உன் ஃப்ரெண்டுக்கு இன்னா புத்தி அண்ணே, இதப் போயி பத்திரிகைக்கு அனுப்புவாங்களா?"

போன் கார்டில் இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது. சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

7

இதழ் அந்த ஞாயிறுக்கு முன்பே அச்சாகி, கட்டி, ரயில் ஏறியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் எகத்தாளத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததை எல்லாம் சொல்லி, எழுதியது நான்தான் என்று ஒரு வரி போடச் சொல்லிக் கேட்டேன். பதில் வந்தது. அச்சடித்த அட்டை: 'தங்கள் படைப்பு கிடைத்தது. தொடர்ந்து எழுதுங்கள்.' மூலையில் ஓணான்.

லீவும் கேட்டேன். அவசர விடுப்புப் படிவத்தில் இறந்தவர் உறவு என்று ஒரு கட்டம் உண்டு. தந்தை, தாய், துணை, பிள்ளை. மற்றவர்களுக்காக அந்தக் கட்டத்தில் எத்தனையோ பொய்யைக் கை நடுங்காமல் அடித்துக் கொடுத்தவன் நான். எனக்கென்று வந்தபோது 'நண்பரின் மனைவி' என்று உண்மையை அடித்தேன். மேனேஜர் ஒரு மலையாளி, நல்ல மனிதர். "இது லிஸ்டில் இல்லையே ஜமால்" என்றார். இல்லைதான். பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில். மே மாதம்தான் வருடாந்திர லீவு.

அதற்குள் குப்பத்தில் வேறு விஷயம் வந்துவிட்டது. ஒரு தொண்டு நிறுவனம் ஃபைபர் படகு தருவதாகச் சொல்லியிருந்தது. நான்கு பேர் சேர்ந்து பெயர் கொடுத்தால் ஒரு படகு. எல்லோரும் நான்கு நான்காகச் சேர்ந்துவிட்டார்கள். ஏகாம்பரத்தோடு சேர ஒருவரும் வரவில்லை. கோபம்கூட இல்லையாம், பயம். கடலை வீட்டுக்கு வரச் சொன்னவன் இருக்கிற படகில் எப்படி ஏறுவது என்கிறார்களாம். மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் பட்டியலை மூடிவிடுவார்கள் என்றான் அன்வர்.

8

மே மாதம் மரக்காணத்தில் இறங்கியபோது உப்பளத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. வெள்ளைக் குவியல்கள் பழையபடி நின்றன. பார்த்தால் ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். கண் கூசியது, அவ்வளவுதான்.

தார் ஷீட் போட்ட தற்காலிகக் கொட்டகை ஒன்றில் ஏகாம்பரம் இருந்தான். என்னைப் பார்த்து, "எப்ப வந்த?" என்றான். "காலையில" என்றேன். உட்கார்ந்தோம். மன்னிப்புக் கேட்பதற்கு நான் நிறைய வாக்கியங்கள் தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன். "நான்தான்டா அனுப்பினேன்" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும். வேற யாருக்கு அட்ரஸ் தெரியும்?"

செல்வி எனக்கு நிவாரண அட்டையைக் காட்டினாள். பிளாஸ்டிக் உறைக்குள் அட்டையோடு எகத்தாளத்தின் அந்தப் பக்கமும் இருந்தது. படத்தை மட்டும் கத்தரியால் வெட்டி நீக்கியிருந்தார்கள். அம்மாவுடையது என்று வீட்டில் வேறு ஒரு காகிதமோ போட்டோவோ மிஞ்சவில்லை என்றாள். என் புத்திக்கு எட்டியது இவ்வளவுதான்: சாட்சிக்கு வைத்திருக்கிறான், என்றைக்காவது என் முகத்தில் எறிவான்.

அன்று சாயங்காலம் பஞ்சாயத்துக் கூட்டம். நானே போய் நின்றேன். தலைவர் தனகோட்டி என்னை அடையாளம் கண்டு, "கூனிமேட்டு பாய் வூட்டுப் புள்ளையா? உக்காருப்பா. உங்க ஜமாத்து சோத்துலதான் நாங்க உயிரோட இருக்கறோம்" என்றார். அந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"அந்தப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினது நான்தாங்க. அவனுக்குத் தெரியாது. அவன் பேர நான்தான் போட்டேன்."

"அனுப்பினது நீ. அது கெடக்கட்டும்" என்றார் தனகோட்டி. "பேசினது யாரு? கடல வூட்டுக்கு வான்னு இவன் சொன்னானா இல்லியா? புள்ளைங்க அத்துக்குத்தான் பயப்படுதுங்க. உன் வாயால சொல்லு."

ஏகாம்பரம் கூட்டத்தின் ஓரத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான். நான் படிவம் நிரப்புகிறவன். எந்தக் கட்டத்தில் எதைப் போட்டால் காரியம் நடக்கும் என்பது எனக்குப் பழகிய விஷயம்.

"இல்லீங்க. ஒரு வார்த்தைகூட நெஜம் இல்ல. எல்லாம் நான் ஷார்ஜாவுல உக்காந்து இட்டுக்கட்டினது. அவனும் பேசல, அஞ்சலையும் பேசல."

"அல்லாவ வச்சி சொல்றியா?"

"அல்லா மேல ஆணையா."

பின்னாலிருந்து ஒரு பெண், "இவன் கைய ஒடச்சி அடுப்புல வைக்கணும்" என்றாள். இன்னொருவர், "அவ்ளோ தூரம் போயி ஒனக்குப் பொழப்பு இதானா பாய்?" என்றார். ஒருவர் என் சட்டையைப் பிடிக்கவே வந்தார், தனகோட்டி தடுத்தார். எனக்கு உள்ளே ஒரே நிம்மதி. என் எழுத்தைப் பற்றி இருபது வருடத்தில் இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் கருத்துச் சொன்னதில்லை.

"இன்னாடா ஏகாம்பரம், பாய் சொல்றது உண்மையா?" என்று தனகோட்டி கேட்டார்.

அவன் வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டான். தரையைப் பார்த்தான். அவர்கள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு இளைஞன் எழுந்து, "எங்க போட்டுல மூணு பேருதான் இருக்கறோம்" என்றான். தனகோட்டி நோட்டை வாங்கி, அவர்களுக்குக் கீழே நான்காவதாக ஏகாம்பரத்தின் பெயரை எழுதச் சொன்னார். எழுதினார்கள். நான் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன், தொழில் பழக்கம்.

ரோடு வரை ஏகாம்பரம் என்னோடு நடந்து வந்தான். நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். அந்த அம்மா என் கையை அடுப்பில் வைத்திருந்தால் குழம்பு நாறிப்போயிருக்கும் என்றேன். ஃபைபர் போட்டுக்கு என்ன நிறம் பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். பஸ் தூரத்தில் விளக்குப் போட்டுக்கொண்டு வந்தது.

"பேரு ஏறிடுச்சிடா" என்றேன். "தடைக்காலம் முடிஞ்சதும் கடலுக்குப் போயிடலாம். இனிமே உன்ன ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

பஸ்ஸுக்குக் கையைக் காட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே ஏகாம்பரம் சொன்னான்:

"அஞ்சலை பேசினத பேசலன்னுட்ட."